இடது இறக்கையின் சிவப்பு உறை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். லிஃப்ட் மெக்கானிக்கை மச்சானாக வைத்துக்கொண்டு, லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிற ஆள் உலகத்திலேயே மாமா ஒருவர்தான் என்று சொல்.

என் பிழைப்பு வழக்கம்போல ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. போன வாரம் ஒரு பெரிய கட்டடத்தில் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரே வழக்கில் எதிரும் புதிருமாக வாதாடுகிற இரண்டு வக்கீல்கள். நான் போய்க் கதவைத் திறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இருவரும் தரையில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். "அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றார் ஒருவர்.

இன்னொரு விஷயம். நம் குட்டி விமானம் தட்டானை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பல் டாக்டர் ஒருவர் சொந்தமாக ஒரு சின்ன விமானம் தேடிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் உட்காருகிற அளவு அவருக்குப் போதுமாம். மஞ்சள் நிறம் வேறு பிடித்துவிட்டது. எனக்கும் வேலை கூடிப்போய்விட்டது, நேரமே கிடைப்பதில்லை. நம் இருவர் பேரிலும் இருப்பதால் உன் கையெழுத்து இல்லாமல் முடியாது. காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட இடத்தில் போட்டால் போதும்.

மாமாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் தம்பி
மீட்டர்: 1412.6


ஜனவரி 25

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது,

இங்கே சுகம்தான். உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "வெறும் வாய்தான். வந்து ஒரு லிஃப்ட்டை மாட்டச் சொல்லு, நான் ஏறுறேன்" என்கிறார். உன் மனைவிக்குப் போன மாதம் இருந்த சளி விட்டதா?

காகிதம் வந்து சேர்ந்தது. மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.

நேரம் இல்லையா உனக்கு? உன் கல்யாணத்தன்று காலையில்கூட ஒரு சுற்றுப் போய்விட்டு, எண்ணெய்க் கையோடு வந்து மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றவன் நீ. கல்யாணப் படத்தில் உன் கட்டைவிரல் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. நேரம் இல்லை என்று வேறு யாரிடமாவது சொல்.

போனில் கேட்டிருப்பேன். நீ எந்த நேரமும் ஏதாவது லிஃப்ட் பொந்துக்குள் தொங்கிக்கொண்டிருப்பாய், பதில் சொல்லப் பிடிக்காதபோது சரியாக லைன் அறுந்துபோகும். எழுத்தில் கேட்டால் நழுவ முடியாது.

இந்த ஊருக்கு வரும்போது உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா? ஒவ்வொரு கடிதத்தின் கீழும், என்ஜின் எத்தனை மணி ஓடியிருக்கிறது என்று அந்த மீட்டரைப் பார்த்து எழுது என்றேன். பதினான்கு வருஷமாகத் தவறாமல் எழுதுகிறாய். நான் அதைத் தொடுவதை விட்டுவிட்டேன், அந்தக் கதை உனக்கே தெரியும். ஆனாலும் அங்கே அது பறந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு ஒரு தெம்பு. கடிதம் வந்தால் முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்பேன்.

பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். அக்டோபரில் 1412.0. நவம்பரில் 1412.2. டிசம்பரில் 1412.4. இப்போது 1412.6. மாதத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம். பன்னிரண்டு நிமிஷத்தில் நீ எந்த ஊருக்குப் போய்வருகிறாய் தம்பி? ஓடுபாதை முனைக்குப் போய்ச் சேரவே ஐந்து நிமிஷம் ஆகுமே.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நேராகப் பதில் எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சளி விட்டுவிட்டது. இங்கே இப்போது அருமையான பருவம். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்க வேண்டும் நீ. மேகமே இல்லை, ஒரு இலை அசையவில்லை, பத்து மைல் தள்ளி இருக்கும் தண்ணீர்த் தொட்டிகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

அன்றைக்குத்தான் பல் டாக்டர் தட்டானைப் பார்க்க வந்தார். பொறுமையான மனிதர். என்ஜின் மூடியைத் திறந்ததும் சட்டைப் பையிலிருந்து குட்டி டார்ச்சை எடுத்துக்கொண்டார். பழக்கதோஷம். "இந்த மூலையில கறை படிஞ்சிருக்கே" என்றார். நம் கிளப் மெக்கானிக் நட்டு பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கு வயது அறுபத்தைந்து ஆகிவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. "அது பல்லு இல்ல சார், பிளக்கு. கறை இருந்தாத்தான் நல்லா எரியுதுன்னு அர்த்தம்" என்றார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தார்.

"ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்களேன்" என்று என்னிடம் கேட்டார். "இன்னைக்குக் காத்து சரியில்ல சார், இன்னொரு நாள் பாப்போம்" என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கு ஏற்கெனவே பிடித்துப்போய்விட்டது. நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் மார்ச்சுக்குள் முடித்துவிடலாம். வேலைக்குக் கிளம்ப வேண்டும், சுருக்கமாக முடிக்கிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே பிள்ளைகள் நலம். அண்ணன் கால் வலிக்கு நான் சொன்ன வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தீர்களா?

நீங்கள் எனக்குத் தனியாக எழுதிய கடிதம் கிடைத்தது. நான் வேலை செய்யும் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்பியதே நல்லதாயிற்று. நீங்கள் கேட்டதற்குப் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நான் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

போன ஆகஸ்டில், விமானம் ஓட்டுகிறவர்களுக்கு வழக்கமாகச் செய்கிற உடல் பரிசோதனைக்குப் போனார். நெஞ்சுத் துடிப்பு நடுநடுவே ஒழுங்கில்லாமல் இருக்கிறதாம். தினமும் இரண்டு மாத்திரை. பயப்படும்படி ஒன்றும் இல்லை, வேலைக்குப் போகலாம், நடக்கலாம், ஓடலாம் என்று பெரிய டாக்டர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். நானே கூடப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். விமானம் ஓட்ட மட்டும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து போகலாம், இவர் கையில் ஓட்டம் இருக்கக்கூடாது. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீடு வரைக்கும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போகிறார். கொட்டகைக்கு வெளியே விமானத்தைத் தள்ளி நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து, கொஞ்ச நேரம் என்ஜினை ஓடவிட்டுவிட்டு நிறுத்திவிடுவார். ஒரு தடவை நானும் போயிருந்தேன். பன்னிரண்டு நிமிஷமும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அண்ணி. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

விற்க வேண்டும் என்று அவராகத்தான் சொல்கிறார். சொல்லிவிட்டு அன்றைக்கு முழுதும் சாப்பிட மாட்டேன் என்கிறார். உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி


மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடு.

யார் சொன்னது என்று வீட்டில் போய் விசாரணை வைக்காதே. நீயேதான் சொன்னாய். ஒரு இலைகூட அசையாத ஞாயிற்றுக்கிழமை என்று மேலே எழுதிவிட்டு, பத்து வரி தள்ளி, காற்று சரியில்லை என்று பல் டாக்டரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். மீட்டரையும் எழுதவில்லை. ஒரு பொய்யை ஒரே பக்கத்துக்குள் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை உனக்கு.

எட்டு மாதமாக இதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாய். எனக்கு வருத்தம்தான். சரி, போகட்டும். ஒன்று மட்டும் கேள்: தரையில் வைத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஓட்டுவது என்ஜினுக்கு நல்லதல்ல. சூடு முழுதாக ஏறாது, எண்ணெயில் ஈரம் தங்கும், உள்ளே துருப்பிடிக்கும். நட்டு உன்னிடம் சொல்லியிருப்பார். நீ கேட்டிருக்க மாட்டாய். நிறுத்து.

இனி என் பங்கு. நீ ஓட்ட முடியாது என்றால் இன்னொரு பாதிக்காரி நான் இருக்கிறேன். அதனால் போன சனிக்கிழமை என் மூக்குக்கண்ணாடிக் கடையை மத்தியானமே மூடிவிட்டு, இந்த ஊர் விமானக் கிளப்புக்குப் போனேன். கம்பி வேலிக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றேன். உள்ளே போகாமலே திரும்பி வந்துவிட்டேன்.

நமக்குள் இருந்த ஏற்பாடு உனக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன் இடது பக்கம் முழுதும் நான் பார்ப்பேன், வலது பக்கம் நீ. இடது இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற காற்றுக்குழல் என் பொறுப்பு. அதன் சிவப்பு உறையைக் கழற்றுவதும் என் பொறுப்பு. விபத்து நடந்த அன்றைக்கு அதைக் கழற்றினேன் என்றுதான் என் கை சொன்னது. இறங்கிப் பார்த்தால் உறை குழலிலேயே இருக்கிறது. எல்லோரிடமும் "கழட்டின ஞாபகம் இருக்கே, கழட்டினேனே" என்று பைத்தியம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் என்னைப் பார்த்துப் பாவம் என்று தலையாட்டினார்கள். குழலுக்குள் காற்றுப் போகாமல் வேக முள் பூஜ்யத்தில் செத்துக் கிடந்தது, எவ்வளவு வேகத்தில் வருகிறேன் என்று தெரியாமலே வந்து தரையில் மோதினேன். முன்சக்கரம் வளைந்தது. உன் தாடையில் நாலு தையல். இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைக்காத வாரம் இல்லை.

அன்றிலிருந்து என் கையை நான் நம்புவதில்லை. கண்ணாடிக் கடையில் ஒவ்வொரு லென்ஸையும் மூன்று தடவை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு மாடி இறங்கி, மறுபடி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். மாமாவைக் கேள். இப்படிப்பட்டவள் விமானம் ஓட்டக்கூடாது.

அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏப்ரல் கடைசியில் அனுப்புகிறேன். அதற்கு முன் ஒரு தடவை நன்றாகத் துடைத்து, ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன் அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. காகிதத்தை அனுப்பாதே. முதலில் இதைப் படி.

அன்றைக்கு நீ உறையைக் கழற்றினாய். உன் கை சொன்னது உண்மை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீ இடது பக்கம் பார்த்தாய், நான் வலது பக்கம் பார்த்தேன். நீ உறையைக் கழற்றி உன் இருக்கையின் பக்கப் பையில் வைத்தாய். என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் பனி இறங்கிவிட்டது. விலகட்டும் என்று கிளப் அறையில் டீ குடிக்கப் போனோம். அரை மணி நேரம் இருந்தோம். நடுவில் என் குளிர்கண்ணாடியை எடுக்க நான் மட்டும் விமானத்துக்கு வந்தேன். ஒரு குளவி அந்தக் குழலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் வேறொருவர் விமானத்தின் குழலில் குளவி மண்கூடு கட்டி, நட்டு ஊசியை விட்டுக் குடைந்து எடுத்தார். அதனால் உன் பையிலிருந்து உறையை எடுத்து மாட்டினேன். ஏறும்போது கழற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டீயைக் குடித்து முடிக்கவும் பனி விலகவும் சரியாக இருந்தது. நீ "ஏறுடா, போலாம்" என்றாய். ஓடி வந்து ஏறிவிட்டேன். இடது பக்கம் உன்னுடையது, அதை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மேலே போன பிறகு வேக முள் அசையாமல் நின்றதே, அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. நீ இறக்குவதில் இருந்தாய், அப்போது சொல்லியும் பயன் இல்லை. அப்புறம் ஆஸ்பத்திரி. தையல் போட்டுக்கொண்டு நான் திரும்பி வருவதற்குள் நீ விமானத்தின் குறிப்பேடான லாக் புக்கில் எழுதிவிட்டாய்: "காற்றுக்குழல் உறையைக் கழற்ற மறந்தேன். தவறு முழுதும் என்னுடையது." நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். மறுநாள் நட்டு உன் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார், அவர் முன்னால் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். அடுத்த மாதமே மாமாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. நீ இனி ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அதற்குப் பிறகு சொன்னால், நீ விட்டதற்கும் நான்தான் காரணம் என்று ஆகிவிடும். நாள் ஆக ஆக இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. கடைசியில், அக்காவுக்கே மறந்துபோயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ படியேறிப் பூட்டை இழுத்துப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

பதினான்கு வருஷம் நான் பறந்தேன். நீ வேலிக்கு வெளியே நின்றாய். மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

என்ஜினை நான் இப்போது தொடுவதில்லை.

தம்பி
மீட்டர்: 1413.0


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். ஆறு வாரமாகத் தினமும் தபால்பெட்டியைப் பார்க்கிறேன். போன் செய்யத் தைரியம் இல்லை. நீ எடுத்துப் பேசாமல் இருந்தாலும் கஷ்டம், எடுத்து நன்றாகப் பேசிவிட்டாலும் கஷ்டம்.

பல் டாக்டரிடம் விற்பனை இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

தம்பி
மீட்டர்: 1413.0


ஜூன் 14

தம்பிக்கு,

மாமாவும் நானும் இருக்கிறோம்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது. இதையும் கிழிப்பதற்கு முன் தபாலில் போட்டுவிட வேண்டும்.

எனக்குக் கோபம். இப்போதும் கோபம்தான். உறையை மாட்டியதற்கு இல்லை. குளவியைப் பார்த்தால் நானும் மாட்டியிருப்பேன். நீ பேசாமல் இருந்ததற்குத்தான் கோபம். ஒரு வரி நீ சொல்லியிருந்தால் எனக்குப் பதினான்கு வருஷம் கிடைத்திருக்கும். முப்பத்தெட்டு வயதில் விட்டேன், இப்போது ஐம்பத்திரண்டு. இதை நீ எப்படித் திருப்பித் தருவாய்? உன்னால் முடியாது. அது உனக்கும் தெரியும், அதனால்தான் வெட்கம் என்று எழுதினாய்.

உன் கடிதம் வந்த அன்று மாமாவும் அதைப் படித்தார். சாயங்காலம் இருவரும் வெளியே கிளம்பினோம். வீட்டைப் பூட்டினேன். இரண்டு மாடி இறங்கியதும் வழக்கம்போல எனக்காக நின்றார், நான் திரும்பி ஏறிப்போவேன் என்று. நான் போகவில்லை. "பூட்டிட்டேன்" என்றேன். "சரி" என்றார். தெருமுனை வரை போன பிறகு அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

விற்பனைக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். இந்த ஊர்க் கிளப்பில் பயிற்சிக்குச் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு வயது இருபத்தெட்டு. முதல் நாள், "மேடம், இதுக்கு முன்னாடி எப்பவாவது சின்ன விமானத்துல உட்கார்ந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். "இருநூறு மணி நேரம்" என்றேன். அதற்கப்புறம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மாத்திரையை விடாதே.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நிற்கும்போதும் படித்தேன், லிஃப்ட் மேல் உட்கார்ந்தும் படித்தேன். நீ எழுதியதெல்லாம் நியாயம். திட்டு வாங்கிய அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று இவள் சொல்கிறாள்.

நட்டுவிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பதினாலு வருஷமா உங்க அக்காவ நான் மறதிக்காரின்னு நெனச்சிட்டு இருந்தேனேடா" என்றார். அப்புறம் அரை நாள் வேறொரு விமானத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் வந்து, "எண்ணெயை மாத்தணும், பிளக்கை மாத்தணும், டயர் ரெண்டு போச்சு. பொம்பளை வர்றதுக்குள்ள முடிக்கணும், வந்து பிடி" என்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீ சொன்னது சரிதான், எண்ணெயில் ஈரம் தங்கியிருந்தது. கிளப் பயிற்சியாளர் நேற்று எடுத்துக்கொண்டு போய் ஓட்டிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்றார். நான் புல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல் டாக்டரும் வந்திருந்தார். விற்கவில்லை என்றதும் முகம் வாடிவிட்டது. காரணத்தைச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் அவரிடமும் சொன்னேன். "அப்ப அவங்க வரட்டும். நான் வேற பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, போகும்போது என் கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொன்னார். அடுத்த வாரம் பிடுங்கவேண்டுமாம்.

ஒன்று கேட்க வேண்டும். லாக் புக்கில் நீ எழுதிய அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் கண்ணில் படும், வேகமாகத் தள்ளிவிடுவேன். அதை அடித்துவிடட்டுமா?

உன் தம்பி
மீட்டர்: 1413.6


செப்டம்பர் 19

அன்புத் தம்பிக்கு,

நலம். பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டதா? டாக்டர் பழி தீர்த்துக்கொண்டார் என்று மாமா சொல்லிச் சிரித்தார்.

உடல் பரிசோதனையில் தேறிவிட்டேன். கண் பார்த்தவரிடம் என் கண்ணாடியின் பவரை அவர் சொல்வதற்கு முன் நானே சொன்னேன். நேற்று ஓட்டும் பரிசோதனையிலும் தேறினேன். இறக்கும்போது ஒரு சின்னத் துள்ளல். பரிசோதகர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, எனக்குத்தான் பழைய நாள் நினைவு வந்தது. இறங்கிய பிறகு சொல்லிக்கொடுக்கிற பெண் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

லாக் புக்கில் என் வரியை அடிக்காதே. நான் எழுதியது அப்படியே இருக்கட்டும். அதன் கீழே உன் வரியை நீ எழுது, தேதி போட்டு. நானும் ஒன்று எழுதவேண்டும். விபத்து நடந்த அன்றைக்கு, அரை மணி நேரம் நிறுத்தி வைத்த விமானத்தில் மறுபடி சுற்றிப் பார்க்காமல் ஏறினேன். ஓட்டுகிறவள் நான். ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டோமே, அங்கேதான் கோளாறு. என் பாதியை நீ பார்க்கவில்லை, உன் பாதியை நான் பார்க்கவில்லை. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, "அப்படியெல்லாம் பிரிக்கவே கூடாது மேடம்" என்று பதறிவிட்டாள்.

அக்டோபர் இரண்டாவது வாரம் மாமாவும் நானும் வருகிறோம். மாமா தரையிலேயே இருப்பாராம். நீ வலது இருக்கையில் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் நானே பார்ப்பேன். நீ எதையும் கழற்றாதே, எதையும் மாட்டாதே. கையைப் பைக்குள் வைத்துக்கொள்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. குறைந்திருக்கிறது.

அக்கா


அக்டோபர் 27

அன்புத் தம்பிக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். மாமா மூன்று மாடியும் வலி இல்லாமல் ஏறினார். உன் மனைவி ஒத்தடம் கொடுத்துக் கொடுத்துச் சரிசெய்துவிட்டாள். அவளுக்கு என் அன்பைச் சொல். அவள் எனக்கு ஒன்றுமே எழுதவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்.

நேரில் எட்டு நாள் இருந்தும் நாம் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நம் குடும்பத்துக்கு வாய் எழுத்தில்தான் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நாம் பறக்கப் போன அன்றைக்கும் பனி வந்ததே, அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். கிளப் அறையில் டீ ஆறிப்போகும் வரை நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய். பனி விலகியதும் நான் மறுபடி சுற்றி வந்தேன், மூக்கிலிருந்து வால் வரை, வாலிலிருந்து மூக்கு வரை. நீ புல்லில் நின்றாய், இரண்டு கையும் பைக்குள். நான் டீக்குப் போகும்போது நானே மாட்டிவிட்டுப் போன உறையை நானே கழற்றினேன். கழற்றி உன் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். "பாத்துட்டேன்" என்றாய். நட்டு கொட்டகை வாசலிலிருந்து, "நானும் பாத்துட்டேன்" என்று கத்தினார்.

ஓடுபாதையில் போகும்போது வேக முள் நன்றாகத்தான் ஏறியது. எனக்குக் கண் தெரியும், தொழிலே அதுதான். ஆனாலும் நீ பக்கத்திலிருந்து, "முப்பது... நாப்பது... அம்பது..." என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். இறங்கும்போதும் அப்படியே. நான் தடுக்கவில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன் எனக்கு யாரும் சொல்லாத எண்கள் அவை. தரையில் சக்கரம் பட்டதே தெரியவில்லை, இல்லையா? நீ எண்ணுவதை நிறுத்திய பிறகுதான் இறங்கிவிட்டோம் என்று எனக்கே உறைத்தது. அந்த நிமிஷத்தில் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்போது தேடிப் பார்த்தேன், இப்போதும் இல்லை.

லாக் புக்கில் நீ எழுதிய வரியை நீ டீ வாங்கப் போயிருந்தபோது படித்தேன். "அக்கா கழற்றினாள். நான் மாட்டினேன். சொல்லவில்லை." கையெழுத்து கோணலாக இருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. அதன் கீழே என் வரியையும் எழுதிவிட்டேன், நீயே பார்த்துக்கொள்.

இப்போது ஒரு விஷயம். சிரிக்காதே. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, மேல்கோட்டைத் தொங்கவிடும்போது பையில் ஏதோ கனமாக இருந்தது. கையை விட்டால் சிவப்பு உறை. கழற்றி உன்னிடம் காட்டிவிட்டு என் பையிலேயே போட்டுக்கொண்டு முந்நூறு மைல் வந்திருக்கிறேன். தட்டானின் குழல் இந்த நேரம் வெறுமனே நிற்கிறது, குளவிகளுக்கு வாசலைத் திறந்துவைத்தாற்போல. மாமாவிடம் காட்டினேன். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பதினான்கு வருஷம் மறதிக்காரி என்று பயந்துகொண்டே ஒன்றையும் மறக்காமல் இருந்தவள், பயம் போனதும் முதல் காரியமாக ஒன்றை மறந்திருக்கிறேன்.

தபாலில் அனுப்பமாட்டேன். அடுத்த மாதம் நானே கொண்டு வருகிறேன், அதற்கடுத்த மாதமும் வருவேன். அதுவரை உன் பழைய சாக்ஸ் ஒன்றைத் துவைத்துக் குழலில் மாட்டி வை. சிவப்பாக இருந்தால் நல்லது. மாட்டியதை எனக்கு எழுதிவிடு.

உன் அக்கா
மீட்டர்: 1414.9